கமண்டலத்து மீன்

மச்சாவதாரக் கதையை நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். ஊழி வெள்ளம் வருகிறது. உலகம் முழுகுகிறது. ஓர் ஓடம் மட்டும் மிதக்கிறது. அந்த ஓடத்தைப் பெரிய மீன் ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. கதை சொல்கிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் குரலை உயர்த்துவார்கள். கேட்கிற குழந்தைகளும் இங்கேதான் கண்ணை அகல விரிப்பார்கள்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. வெள்ளத்துக்கு முன்னால் வரும் பகுதி அது. திராவிட தேசத்து அரசனான சத்தியவிரதன் கிருதமாலை நதியில் நின்று தர்ப்பணம் செய்கிறான். உள்ளங்கையில் அள்ளிய நீரில் சின்னஞ்சிறு மீன் ஒன்று வந்துவிடுகிறது. அதை ஆற்றிலேயே விட்டுவிடுகிறான். ஆற்றில் விட்டால் பெரிய மீன்கள் தின்றுவிடும் என்று அது அபயம் கேட்கிறது. அவன் அதைக் கமண்டலத்தில் போட்டு ஆசிரமத்துக்கு எடுத்து வருகிறான். ஒரே இரவில் கமண்டலம் போதாமல் போகிறது. தொட்டியில் விடுகிறான், தொட்டியும் போதவில்லை. ஏரியில் விடுகிறான், ஏரியும் போதவில்லை. கடைசியில் கடல். இது பாகவதம் சொல்கிற முறை. மகாபாரதத்தில் இதே கதை மனுவுக்கு நடக்கிறது; அங்கே நடுவில் கங்கையும் வருகிறது.

வளர்ப்பு மீன் ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது எப்படி என்ற கவலை எவ்வளவு பழையது, பாருங்கள்! வெள்ளமும் ஓடமும் பிறகு வருகின்றன. முதலில் வருவது ஒரு மனிதன் ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நடைதான். தான் தூக்குவது இறைவனை என்று அப்போது அவனுக்குத் தெரியாது. மீன் என்றுதான் தூக்குகிறான். அதனாலேயே அந்த நடையில் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் அவனுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. அவனுடைய மீன் பேசியது. 'இந்தப் பாத்திரம் எனக்குப் போதவில்லை' என்று அதுவே வாய் திறந்து சொல்லிற்று. நம் வீட்டு மீன்கள் பேசுவதில்லை. கேட்கவே தெரியாத ஓர் உயிருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதுதான் நான் இங்கே யோசிக்க விரும்பும் விஷயம்.

கிருதமாலை என்பது வைகைதான் என்று சொல்வாருண்டு. மதுரை நகரத்துக்குள்ளே கிருதுமால் என்ற பெயரோடு ஒரு சிற்றாறும் இருக்கிறது. ஊரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு போகிறது. அதற்கு நெடுந்தூரம் இல்லாத ஒரு தெருவில் என் நண்பர் ஒருவர் குடியிருந்தார். வங்கி உத்தியோகஸ்தர். வீட்டின் பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் வெள்ளை உடம்பில் செம்பருத்தி நிறத் திட்டுகள் உள்ள ஒரு ஜப்பானியக் கெண்டை. கோய் என்று சொல்கிறார்களே, அந்த ஜாதி. விரல் நீளத்தில் வாங்கி வந்தது, ஏழு வருஷத்தில் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவாக வளர்ந்துவிட்டது. அவருடைய பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தால் அது மேலே வந்து அவள் விரலை உதட்டால் தடவிப் பார்க்கும்.

நண்பருக்கு ஐதராபாத்துக்கு மாற்றல் வந்தது. சுமார் ஆயிரம் கிலோமீட்டர். வீட்டுச் சாமான்களுக்கு லாரி பேசியாகிவிட்டது. மீனுக்கு என்ன செய்வது?

பெண் சொன்னாள்: "நம்மோடதான் வரணும். அதுக்கு நம்மை விட்டா யார் இருக்கா?"

மனைவி சொன்னார்: "நல்லா வச்சுக்கிறவங்களாப் பார்த்துக் கொடுத்திடலாம். பாதி வழியில செத்துப் போச்சுன்னா இவளைத் தேத்த முடியாது."

நண்பரின் தாயார் சொன்னார்: "கொண்டுபோய்க் கோயில் தெப்பக்குளத்துல விடு. புண்ணியமாப் போகும். அடைச்சு வச்ச ஜீவன்தானே, போகட்டும்."

அலுவலகத்து நண்பர்களோ சிரித்தார்கள். "ஒரு மீனுக்கா சார் இவ்வளவு யோசனை?" என்றார்கள்.

ஒரு வீட்டுக்குள் நான்கு தர்ம சாஸ்திரங்கள்! நண்பர் என்னிடம் வந்து, "எப்படிக் கொண்டுபோவது என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். கொண்டுபோகலாமா என்று சொல்லத்தான் ஆள் இல்லை" என்றார். அவருக்கு நான் அன்று உடனே விடை சொல்லவில்லை. பின்னர் பல நாள் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிரித்தவர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். 'ஒரு மீனுக்கா?' என்ற கேள்விக்குள் ஒரு தராசு இருக்கிறது. யானை என்றால் யோசிக்கலாம், நாய் என்றால் யோசிக்கலாம், மீன் என்றால் வேண்டியதில்லை என்கிறது அந்தத் தராசு. மீனுக்கு வலி தெரியுமா என்பது விஞ்ஞானிகளிடையே இன்னும் வாதத்தில் உள்ள விஷயம். 2003-ஆம் வருஷம் ஸ்காட்லாந்தில் சிலர் டிரௌட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் புளிப்பு அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அவை இரை எடுக்காமல் ஒதுங்கின. உடம்பை ஆட்டிக்கொண்டு கிடந்தன. அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்துக்கொண்டன. இது வலிதான் என்று ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, வெறும் உடம்பின் எதிர்வினை என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். வாதம் நடக்கட்டும். அடுத்த அறையில் யாரோ தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா என்று தெரியாதபோது நாம் மெல்லத்தானே நடக்கிறோம்? சந்தேகத்தின் பலனை வாயில்லாத ஜீவனுக்குக் கொடுப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. நம் கடமை அந்த உயிரின் அந்தஸ்தைப் பொறுத்ததே அல்ல. நாம் அதற்குச் செய்துவிட்ட காரியத்தைப் பொறுத்தது. வைகையில் நீந்துகிற ஒரு கெண்டைக்கு என் நண்பர் எந்த விதத்திலும் கடன்பட்டவர் அல்லர். வெயில் காலத்தில் ஆறு வற்றினால் அது ஆழமான மடுவைத் தேடிப் போகும். இரை குறைந்தால் வேறிடம் தேடும். அதற்குப் பல வழிகள் உண்டு. தொட்டி மீனுக்கு அந்த வழிகளையெல்லாம் நாம் அடைத்துவிட்டோம். அடைத்த பிறகு திறந்திருக்கும் ஒரே வழி நம் கை. ஒரு ஜீவனின் மற்ற வாசல்களையெல்லாம் சாத்தியவன், தான் ஒரு வாசலாக இருக்கக் கடமைப்பட்டவன். இதில் சின்ன உயிர், பெரிய உயிர் என்ற கணக்கு எங்கே வந்தது?

இனித் தாயாரின் யோசனை. தெப்பக்குளத்தில் விட்டுவிடலாம் என்று அவர் சொன்னதில் இருந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். கூண்டைத் திறந்து கிளியை விடுவது நம் மரபில் உயர்ந்த செயல். ஆனால் இந்தக் கிளி பிறந்த காடு இது அல்ல. கெண்டை ஜாதியில் நம் நாட்டுக்கே உரியவை பல உண்டு. இது வெளியிலிருந்து வந்த ஜாதி. இதன் நெருங்கிய உறவான கெண்டையை 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பின்னால் அந்த ஜாதி நாட்டின் பல நீர்நிலைகளில் பரவி, அங்கங்கே இருந்த நாட்டு மீன்களுக்குப் போட்டியாகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலோ முர்ரே, டார்லிங் ஆறுகளில் இந்தக் கெண்டைகள் பெருகி, அடிச்சேற்றைக் கிளறிக் கிளறித் தண்ணீரையே கலங்கவைத்து, அரசாங்கத்துக்குத் தீராத தலைவலியாக இருக்கின்றன. மேலும், வெளியே தெரியாத நோய் எதையாவது ஒரு தொட்டி மீன் சுமந்துகொண்டிருந்தால், குளம் முழுவதும் அது பரவும்.

ஆகவே, தெப்பக்குளத்தில் மீனை விடுகிறவருக்குக் கிடைக்கிற புண்ணியம் அவருடைய கணக்கில் ஏறுகிறது. நஷ்டம் குளத்தின் கணக்கில் ஏறுகிறது. அதோடு, கையில் தீனி வாங்கித் தின்று பழகிய மீன் ஆள் நிழலைக் கண்டால் விலகி ஓடாது, நெருங்கி வரும். முதல் நாளே யாருடைய வலையிலாவது அது தானே வந்து ஏறிவிடும். கையைக் கழுவிக்கொள்வதையும் விடுதலை கொடுப்பதையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. அதுதான் ஆபத்து.

பெண்ணின் யோசனைக்கு வருவோம். அன்பிலிருந்து பிறந்த யோசனை அது. ஆனால் அன்பு ஆயிரம் கிலோமீட்டர் பிரயாணம் செய்யவேண்டுமானால் அது கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள் இருக்கின்றன. மீன் வளர்த்துப் பழகியவர்கள் நண்பருக்கு அவற்றைச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். கேட்கக் கேட்க எனக்கு வியப்பாக இருந்தது. ஒவ்வொரு விதியும் பாசத்தின் முதல் எண்ணத்துக்கு நேர்மாறாக இருந்தது.

ஊருக்குப் புறப்படுகிற குழந்தைக்கு நாம் என்ன செய்வோம்? வயிறு நிறையச் சாப்பிட வைப்போம். மீனுக்கோ, புறப்படுவதற்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே இரையை நிறுத்த வேண்டும். பெரிய கெண்டை அதைத் தாங்கும். தின்றுவிட்டுக் கிளம்பினால் அதன் கழிவு பைக்குள்ளேயே சேர்ந்து அமோனியாவாகி அதையே கொல்லும். கடைசி நாளன்று பிரியத்தோடு போடுகிற ஒரு பிடி தீனிதான் விஷம்.

பிரயாணத்துக்கு நிறையத் தண்ணீர் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. வேண்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று பாலிதீன் பைகள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீனின் முதுகு நனைந்திருக்கும் அளவு போதும். மிச்சம் இரண்டு பங்கு பிராணவாயுவை அடைத்து இறுகக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டி, குளுமையான பெட்டியில் வைத்தால், ஒரு முழுநாள் பயணத்தை நல்ல ஆரோக்கியமுள்ள மீன் தாங்கும். ஜப்பானிலிருந்து கடல் கடந்து வருகிற மீன்களெல்லாம் இப்படித்தான் வருகின்றன.

வெளிச்சம் இருந்தால் பயப்படாது என்று நினைக்கிறோம். இருட்டில்தான் அது அமைதியாக இருக்கிறது. மூடிவைக்க வேண்டும். எப்படி இருக்கிறது என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்கக் கூடாது. கையால் வாரி அணைத்துத் தூக்கக் கூடாது. அதன் மேல் இருக்கும் வழுவழுப்பான படலம்தான் அதற்குக் கவசம், அது நம் கையோடு வந்துவிடும். கண்ணி வலையால் தூக்கினாலும் செதில் பெயரும். வலையால் மெல்ல ஓரம் கட்டி, தண்ணீரோடு சேர்த்துத் துணிப்பைக்குள் செலுத்தி எடுக்க வேண்டும். வண்டியில் பெட்டியை நீளவாக்கில் வைக்கக் கூடாது, குறுக்கே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவர் பிரேக் போடும் போதெல்லாம் மூக்கு போய் மோதும்.

மயக்கம் கொடுப்பதும் உண்டு. எதனால் தெரியுமா? கிராம்புத் தைலத்தால். பல்வலிக்கு நம் பாட்டிமார் பஞ்சில் நனைத்து வைப்பார்களே, அதே தைலம். சில சொட்டுக் கூடினால் மயக்கம் மரணமாகிவிடும். ஆகவே, அளவு தெரிந்தவர்கள்தான் அதைத் தொட வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகும் அவசரம் காட்டக் கூடாத இடம் ஒன்று, அவசரம் காட்ட வேண்டிய இடம் ஒன்று. கட்டிய பையைக் கட்டியபடியே புதுத் தண்ணீரில் மிதக்கவிட்டு இரண்டின் சூட்டையும் குளிர்ச்சியையும் சமமாக்க வேண்டும். அது நிதானமாக நடக்கட்டும். ஆனால் பையைத் திறந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. பைக்குள் மீன் விட்ட மூச்சிலுள்ள கரியமில வாயு தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் அமோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கும். வாய் திறந்ததும் வாயு வெளியேறும், புளிப்பு குறையும், அடங்கிக் கிடந்த விஷம் தலை தூக்கும். ஆகவே மீனைச் சட்டென்று புதுத் தண்ணீருக்கு மாற்றி, பைத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீர் குழாய்த் தண்ணீரானால் அதிலுள்ள குளோரினை முன்னதாகவே முறித்துவைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "அப்போ, நான் ஆசையாச் செய்யறதெல்லாம் அதுக்குக் கெடுதலா, மாமா?"

குழந்தை கேட்ட கேள்வி. பெரியவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. நம்முடைய பாசம் பெரும்பாலும் நம்முடைய மொழியிலேயே பேசுகிறது. ஊட்ட வேண்டும், தொட வேண்டும், அடிக்கடி பார்க்க வேண்டும் என்பவையெல்லாம் நம் நெஞ்சின் தேவைகள். மீனின் தேவை தண்ணீர், காற்று, இருட்டு, அமைதி. பிறருக்கு நம் நெஞ்சு எவ்வளவு துடிக்கிறது என்பது அன்பின் அளவு ஆகாது. அந்தத் துடிப்பை எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்க முடிகிறது என்பதும் சேர்ந்ததுதான் அளவு. அறிவில்லாத அன்பும் அன்புதான். ஆனால் அதை ஏற்றுக்கொள்கிறவர்கள் பாவம்!

கடைசியாகச் சொன்னார்கள் ஒரு விதி. என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது அதுதான். மீனை மட்டும் கொண்டுபோனால் போதாது. அதன் தொட்டியில் தண்ணீரை வடிகட்டுகிற பஞ்சையும் கல்லையும் கழுவாமல், காயவிடாமல், ஈரத்தோடு கொண்டுபோக வேண்டும். அந்த அழுக்குப் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மீன் வெளியிடும் விஷத்தை அவைதாம் இரவும் பகலும் தின்று தீர்க்கின்றன. பளபளவென்று தேய்த்துக் கழுவிய புதுத் தொட்டியில் அவை இல்லை. அவை புதிதாக வளர்ந்து பெருக ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். அதற்குள், எந்தக் காயமும் இல்லாமல் வந்து சேர்ந்த மீன், கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் மெல்ல மெல்லச் சாகும். வீட்டுக்காரர்கள், "என்ன குறை வைத்தோம்?" என்று கேட்பார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் வீடுகள் நினைவுக்கு வந்தன. கிராமத்தில் தனியாக இருக்கும் தாயையோ தகப்பனையோ மகன் நகரத்துக்கு அழைத்து வருகிறான். நல்ல அறை, நல்ல கட்டில், மின்விசிறி, நேரத்துக்குச் சாப்பாடு. ஆறு மாதத்தில் கிழவி ஒடுங்கிப் போகிறாள். "என்ன குறை வைத்தோம்?" என்று மகன் கேட்கிறான். குறை ஒன்றுமில்லை. அந்தப் பழைய பஞ்சைத்தான் கொண்டுவரவில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது எதிர் வீட்டுக்காரியோடு போட்ட சண்டை, பூக்காரி சொன்ன ஊர்க்கதை, 'என்ன ஆத்தா, உடம்பு எப்படி?' என்று போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போன முகங்கள். பார்க்கிறவனுக்கு இவையெல்லாம் அழுக்கு, பயனில்லாத வம்பு. அந்த வம்புதான் அவளுடைய நாட்களில் ஊறிய விஷத்தை அன்றாடம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது.

நண்பர் வீட்டில் மீனைப் பற்றி மூன்று நாட்கள் வாதம் நடந்தது. அந்த மூன்று நாட்களில் நண்பரின் மனைவி ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆனதிலேருந்து இது அஞ்சாவது மாத்தல். என்னைக் கொண்டுபோறதுக்கு யாரும் இவ்வளவு யோசிச்சதில்லே." எல்லோரும் சிரித்தார்கள். மீனைக் குளத்தில் விடச் சொன்ன தாயாரும் ஐதராபாத்துக்குப் போகிறவர்தாம். 'அடைச்சு வச்ச ஜீவன்தானே, போகட்டும்' என்று அவர் சொன்னபோது அவர் மீனை மட்டும்தான் நினைத்துச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை ஐயம் உண்டு.

பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்கிறோமே, அந்தப் 'பத்திரம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? உயிரோடு போய்ச் சேர்ந்தால் பத்திரம் என்று லாரிக்காரன் சொல்வான். வளர்க்கிறவனுக்கு அது போதுமா?

2005-இல் தைவானிலிருந்து அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துக் காட்சிசாலைக்கு இரண்டு திமிங்கிலச் சுறாக்களை விமானத்தில் கொண்டுபோனார்கள். சுமார் 13,000 கிலோமீட்டர். உலகத்திலேயே மிகப் பெரிய மீன் ஜாதியின் இளங்குட்டிகள் அவை. தைவானில் அப்போது ஒரு கணக்குக்கு உட்பட்டு அந்தச் சுறாக்களை உணவுக்காகப் பிடிக்க அனுமதி இருந்தது. அந்தக் கணக்கில் அகப்பட்டுக் கறியாகியிருக்க வேண்டியவற்றைத்தான் கொண்டுவந்தோம் என்றார்கள். கத்தியிலிருந்து தப்புவித்தது உண்மை. ஆகாயப் பயணத்தை அவை தாங்கியதும் உண்மை. ஆனால் 2007 ஜனவரியில் ஒன்றும், அதே வருஷம் ஜூனில் மற்றொன்றும் இறந்துவிட்டன. பிரயாணத்தை வென்ற உயிர்கள் வாசத்தில் தோற்றுவிட்டன.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆறுகளில் நுரையீரல் மீன் என்று ஒரு பழங்கால ஜாதி இருக்கிறது. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும். அந்த ஜாதி மீன் ஒன்றை 1933-இல் சிட்னியிலிருந்து கப்பலிலும் ரயிலிலுமாகச் சிகாகோ நகரத்துக் காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். 'தாத்தா' என்று பெயரிட்டார்கள். அது அங்கே எண்பது வருஷத்துக்கு மேல் இருந்து 2017-இல் உயிர்விட்டது. அதைக் குழந்தையாக வந்து பார்த்தவர்கள் தங்கள் பேரக்குழந்தைகளைக் கூட்டி வந்து காட்டினார்கள். ஒரு மீனுக்குச் செய்த பிரயாண ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை அது இறங்கிய நாளில் அளக்க முடியாது. அதற்குப் பிறகு அது வாழ்ந்த நாட்களைக் கொண்டுதான் அளக்க முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்ணக் கெண்டைகளின் தாய்வீடு ஜப்பானில் நீகாத்தா மாவட்டத்தின் மலைக் கிராமங்கள். அவற்றில் ஒன்று யாமகோஷி. 2004 அக்டோபர் 23-ஆம் தேதி அங்கே பெரிய பூகம்பம். சாலைகளெல்லாம் சரிந்துவிட்டன. ஊரே ஹெலிகாப்டரில் வெளியேறியது. சுமார் இரண்டாயிரம் பேர். குளங்கள் வெடித்தன, மின்சாரம் இல்லை. மீன்கள் ஏராளமாக மடிந்தன. மனிதர்கள் பத்திரமான பிறகு, மிஞ்சியிருந்த மீன்களையும் ஹெலிகாப்டரில் தூக்கிக் கொண்டுபோனார்கள். அவை அந்த மக்களின் ஜீவனம், பணம் சம்பந்தப்பட்டதுதான். ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மனிதர்கள், பிறகு மீன்கள். 'ஒரு மீனுக்கா?' என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். மனிதனுக்குப் பதிலாக மீன் என்று யாரும் சொல்லவில்லை. மனிதனுக்குப் பிறகு மீனும் என்பதுதான் பேச்சு. அந்த 'உம்' என்ற இடைச்சொல்லில்தான் நாகரிகம் இருக்கிறது.

மனைவியின் யோசனையைக் கடைசிக்கு வைத்தேன், காரணமாகத்தான். 'கொடுத்துவிடலாம்' என்பது முதலில் கேட்கும்போது பாசமில்லாத பேச்சாகத் தோன்றும். ஆனால் ஜப்பானில் வெளிநாட்டார் பலர் பெரும் விலை கொடுத்துக் கெண்டையை வாங்குகிறார்கள். வாங்கி, அதை வளர்த்த பண்ணைக் குளத்திலேயே விட்டுவைக்கிறார்கள். தன் வீட்டுக்குக் கொண்டுபோனால் தனக்குச் சந்தோஷம்; இங்கேயே இருந்தால் மீனுக்கு நல்லது என்று தெரிந்து வைக்கிற ஒப்படைப்பு அது. சிலர் அதைப் பரிசு வாங்கும் ஆசையில் செய்யலாம். செய்கிற காரியம் சரியானதுதான்.

நண்பர் செகந்திராபாத்தில் வீடு பார்த்தார். ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குத் தாயார் நடந்து போகக்கூடிய தூரம்; சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் சில. அதை முதலில் பார்த்துக்கொண்டு, பிறகுதான் அலுவலகம் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். தாயாருக்கு வேண்டிய பழைய பஞ்சு கொஞ்சமாவது அங்கே இருந்தது. ஆனால் அந்த வீட்டில் நான்கடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. இரண்டடி மீன் திரும்பினால் வால் இடிக்கும். பெண்ணிடம் அளவைச் சொன்னார். அவள் அன்று இரவு முழுவதும் பேசவில்லையாம். மறுநாள் காலை அவளே, "அப்போ வேண்டாம்ப்பா" என்றாளாம். திண்டுக்கல் பக்கம் தோப்பும் பெரிய மீன்குளமும் வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அறுபது எழுபது கிலோமீட்டர் தூரத்துக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சொன்ன அத்தனை விதிகளையும் அந்தப் பெண் ஒன்று விடாமல் செய்தாள். நான்கு நாள் பட்டினி, இரட்டைப் பை, இருட்டு, குறுக்கே வைத்த பெட்டி, ஈரப் பஞ்சு எல்லாமே.

சத்தியவிரதன் கதையை இப்போது திரும்பப் படித்தால் முன்பு கண்ணில் படாத ஒன்று படுகிறது. கமண்டலம் அவனுடைய சொந்தப் பொருள், கையிலேயே இருப்பது. தொட்டி அவன் இருப்பிடத்தைச் சேர்ந்தது. ஏரி ஊருக்குப் பொது. கடல் யாருக்கும் சொந்தமில்லை. மீன் ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் அதற்கு இடம் பெரிதாகிறது. அவனுக்கு உரிமை குறைகிறது. அவன் ஒரு தடவையும் 'என் மீன்' என்று தயங்கவில்லை. அதே சமயம், முதல் நாளே கையை உதறி ஆற்றில் வீசிவிட்டுப் போகவும் இல்லை. அது எங்கே வாழும் என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு இடத்துக்கும் தானே சுமந்துகொண்டு போய் விட்டான். கைவிடுவதற்கும் விட்டுக்கொடுப்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம் அவ்வளவுதான். ஆனால் அந்தத் தூரம் முழுவதையும் சுமந்துகொண்டு நடந்துதான் கடக்க வேண்டும்.

நம் பொறுப்பில் இருக்கும் உயிர்களை நாம் வாழ்நாள் முழுதும் இடம் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறோம், பிள்ளையை வெளியூரில் படிக்க விடுகிறோம், பெற்றோரை நம்மோடு அழைத்து வருகிறோம். அவர்களில் பலர் தமக்கு எது போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லத் தெரியாதவர்கள் சிலர். சொல்லக் கூடாது என்று இருப்பவர்கள் சிலர். இந்த மாற்றம் அவர்களுக்காகவா, எனக்காகவா என்ற ஒரு கேள்வியையும், அவர்களோடு எந்தப் பஞ்சை எடுத்துப் போக வேண்டும் என்ற இன்னொரு கேள்வியையும் லாரி வந்து வாசலில் நிற்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. சாமான்களை ஏற்ற ஆரம்பித்த பிறகு யாருக்கும் எதையும் கேட்க நேரம் இருப்பதில்லை.